அமெரிக்கப் பள்ளியில் நிறப்பாகுபாடு: இன்னொரு குழந்தைக்குத் துணை நிற்க விரும்பும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்குக் குடிவந்து, பிள்ளையை இங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்த்து ஓரிரு வருடமே ஆன பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வந்து, "என் ஃபிரெண்டை நிறத்தைச் சொல்லிக் கிண்டல் பண்றாங்க, டீச்சர் ஒண்ணுமே சொல்றதில்லை" என்கிறது. பாதிக்கப்பட்டது நம் பிள்ளை இல்லை. நமக்கேன் வம்பு என்று இருந்துவிடலாம். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறோம். அப்படி இருக்க மனம் வராதவர்கள் மேலே படியுங்கள்.

எங்களுக்கு இது எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மகளின் வகுப்பில் ஒரு கறுப்பினச் சிறுமி. பின்வரிசைப் பையன்கள் அவளுடைய சுருள்முடிக்குள் பென்சில்களைச் செருகி, விழாமல் எத்தனை நிற்கிறது என்று எண்ணி விளையாடுவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் திரும்பிக் கத்தினாள். 'வகுப்புக்கு இடையூறு' என்று ரெஃபரல் தாள், அதாவது ஒழுங்குமீறலை அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் தாள், எழுதப்பட்டது. அவள் பெயரில்! அந்தத் தாளில் பென்சில் என்ற சொல்லே இல்லை. அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் அலுவலகம் (ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் அலுவலகம்) வரை அவளுடைய அம்மாவும் நாங்களும் அலைந்தோம். எந்தத் தாளை எப்போது கேட்பது, யாருக்கு எழுதுவது, எந்தத் தேதி தாண்டினால் கதவு மூடிவிடும் என்பதை ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. நான் வக்கீல் இல்லை. உங்கள் மாநில விதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளையே பாதிக்கப்பட்டிருந்தாலும் படிகள் ஏறக்குறைய இவைதான். முதல் படியை மட்டும் விட்டுவிடலாம்.

1. அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் ஒரு மெயில்கூட அனுப்பாதீர்கள்

நல்லெண்ணத்தோடு வருகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். கோபத்தில் அன்றிரவே பிரின்சிபாலுக்கு நீளமாக ஒரு மெயில் தட்டிவிடுவது, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, பேஸ்புக்கில் எழுதுவது. மறுநாள் அந்தச் சிறுமியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவளுடைய அம்மாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரியவரும். அல்லது அவர் ஏற்கெனவே ஒரு வழியில் பேசிக்கொண்டிருப்பார், நம் மெயில் அதைக் குழப்பிவிடும்.

போன் செய்யுங்கள், இல்லையென்றால் நேரில் பாருங்கள். சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: என் மகள் இதைப் பார்த்தாள், அவள் சொன்னதை எழுதித் தருகிறோம், நீங்கள் எதை விரும்புகிறீர்களோ அதைச் செய்கிறோம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "எங்களுக்கும் ஏர்போர்ட்டில் இப்படித்தான் நடந்தது" என்று நம் கதையை எடுத்துவைக்க அது நேரமில்லை. அவர் "இப்போதைக்கு வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். அவர் இதே ஊரில் பல வருடமாக இதைச் சமாளித்து வருகிறவர். எந்தச் சண்டையை எப்போது போடுவது என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பள்ளிக்குள் நடந்த விஷயத்துக்கு அவர்கள் சம்மதமில்லாமல் போலீஸைக் கூப்பிடாதீர்கள். பல பள்ளிகளில் சீருடை போட்ட போலீஸ் அதிகாரி ஒருவர் எப்போதும் இருப்பார். அவரிடம் போய்ச் சொல்வதும் போலீஸிடம் சொல்வதுதான். நமக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் அந்தக் கதவு, ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு அப்படித் தோன்ற வேண்டியதில்லை. ஆயுதம், உயிராபத்து என்றால் விஷயம் வேறு.

2. பிள்ளை பார்த்ததை அன்றே எழுதி வையுங்கள்

பிள்ளை தன் வார்த்தையில் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்; எழுதத் தெரிந்த வயதென்றால் அதுவே எழுதட்டும். தேதி, எத்தனையாவது பீரியட், எந்த அறை அல்லது பஸ், யார் யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே என்ன, அருகில் இருந்த பெரியவர் யார், அவர் என்ன செய்தார். வசைச்சொல்லை 'கெட்ட வார்த்தை' என்று பூசி எழுதாதீர்கள். விசாரிக்கிறவருக்கு அந்தச் சொல்தான் ஆதாரம்.

பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். "அவன் வேணும்னேதானே செஞ்சான்?" என்று கேட்டால் பிள்ளை தலையாட்டும், பிறகு தனியாகக் கேட்கும்போது அந்த வரி நிற்காது. பள்ளி உங்கள் பிள்ளையைச் சாட்சியாக விசாரிக்கும் என்றால், உடன் இருக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காமலும் போகலாம்.

குரூப் சாட்டில் நடந்ததென்றால் முழுத் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவர் பெயர், நேரம், முன்னும் பின்னும் உள்ள செய்திகள் எல்லாம் தெரிய வேண்டும். அந்தப் படத்தில் வேறு பிள்ளைகளின் பெயர்களும் இருக்கும், ஆகவே யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம். சிறுவர்களின் ஆபாசப் படம் ஏதாவது கலந்திருந்தால் சேமிக்கவோ அனுப்பவோ கூடாது. அது உங்களையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்.

பள்ளியில் கேமரா இருக்கிற இடம் என்றால் காத்திருக்க நேரமில்லை. பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். "இந்தத் தேதி, இந்த நேரம், இந்த இடத்து வீடியோவை அழிக்காமல் எடுத்து வையுங்கள்" என்று சிறுமியின் அம்மா அன்றைக்கே ஒரு வரி மெயில் அனுப்பட்டும். பார்க்கக் கொடுப்பார்களா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இருந்தால்தானே பேசமுடியும்?

3. 'புல்லியிங்' என்று மட்டும் எழுதினால் அதோடு முடிந்துவிடும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பள்ளிகளில் இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று புல்லியிங் புகார், அதாவது ஒரு மாணவர் இன்னொருவரைச் சீண்டித் துன்புறுத்துவது பற்றியது. கவுன்சிலர் பேசுவார், பிள்ளைகள் கைகுலுக்குவார்கள், கோப்பு மூடப்படும். இன்னொன்று பாகுபாட்டுப் புகார். 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதி, இங்கே எல்லோரும் 'டைட்டில் சிக்ஸ்' என்பார்கள், மத்திய அரசின் நிதி வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் இனம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மாணவர்கள் செய்யும் இனத் துன்புறுத்தல் பள்ளிக்குத் தெரிந்தும், அது கடுமையாக அல்லது தொடர்ந்து நடந்தும், பள்ளி உரிய நடவடிக்கை எடுக்காமல் விட்டால், அது பள்ளியின் பாகுபாடாகவே பார்க்கப்படும். ஆகவே கேள்வி 'அந்தப் பையன் கெட்டவனா' என்பது இல்லை. 'தெரிந்த பிறகு பள்ளி என்ன செய்தது' என்பதுதான்.

அதனால் முதல் மெயிலிலேயே மூன்று விஷயங்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்: இது இனம், நிறம் சார்ந்த துன்புறுத்தல், இதை டைட்டில் சிக்ஸின் கீழ் புகாராகத் தெரிவிக்கிறோம், இந்தத் தேதியில் இன்னாரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறோம். மெயிலை வகுப்பாசிரியருக்கு மட்டும் அனுப்பாமல் பிரின்சிபாலுக்கும், டிஸ்ட்ரிக்டின் சிவில் உரிமை ஒருங்கிணைப்பாளர் அல்லது சமவாய்ப்பு அதிகாரிக்கும் சேர்த்து அனுப்புங்கள். அந்தப் பதவியின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தின் அடியில் பொடி எழுத்தில், 'பாகுபாடு காட்டமாட்டோம்' என்ற அறிவிப்புக்குப் பக்கத்தில் பெயரும் மெயிலும் இருக்கும்.

இந்த மெயிலை அனுப்ப வேண்டியவர் சிறுமியின் அம்மாவோ அப்பாவோ. நீங்கள் அனுப்புவது தனி மெயில்: என் மகள் கண்ணால் பார்த்தது இது, அவளுடைய குறிப்பு இணைப்பில் உள்ளது. இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். சாட்சியும் புகார்தாரரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதுதான் புகாருக்கே பலம்.

முடி விஷயத்தில் கூடுதலாக ஒன்று. கறுப்பின மக்களின் சிகையலங்காரத்தின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கிரவுன் சட்டத்தை 2019-இல் கலிஃபோர்னியா முதலில் கொண்டுவந்தது. அதே ஆண்டு நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் தொடர்ந்தன, அப்புறம் வேறு பல மாநிலங்களும். "முடியைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், பிரச்சினை இருக்காது" என்று ஒரு ஆசிரியர் சொன்னால், அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

4. கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

ஃபெர்பா என்று ஒரு சட்டம், 1974-இல் வந்தது. மாணவரின் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையும் அவற்றின் ரகசியமும் பற்றியது. பெற்றோர் தம் பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பார்க்கக் கேட்டால், பள்ளி 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும். தேடி எடுத்ததற்குக் கட்டணம் வாங்கக்கூடாது. நகலுக்கு மட்டும் வாங்கலாம். மாணவருக்கு 18 வயதாகிவிட்டால் அந்த உரிமை மாணவருக்குப் போய்விடும்.

சிறுமியின் அம்மா கேட்க வேண்டியவை: ரெஃபரல் தாள்கள் எல்லாம், சஸ்பென்ஷன் கடிதம், கவுன்சிலர் அலுவலகத்தில் உள்ள பதிவு, நர்ஸ் அறைக்குப் போன குறிப்பு, அவளைப் பற்றிய சம்பவ அறிக்கைகள். "முழு ஃபைலும்" என்று கேட்டால் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வகை வகையாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதிவில் தவறு இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமையும் இதே சட்டத்தில் உண்டு. மறுத்தால் பள்ளியிடம் முறையான விசாரணை கேட்கலாம், அதன் பிறகும் மறுத்தால் தன் தரப்பை எழுதி அந்தப் பதிவோடு இணைக்கச் சொல்லலாம். எங்கள் விஷயத்தில் 'பென்சில்' என்ற சொல் கடைசியில் ஃபைலுக்குள் ஏறியது இந்த வழியில்தான்.

உங்களுக்குக் கிடைக்காதது: துன்புறுத்திய பையனுக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்ற விவரம். அதே ஃபெர்பா அவனையும் காக்கிறது. "அவனை என்ன செய்தீர்கள்?" என்று கூட்டத்தில் சண்டை போட்டால் அரை மணி நேரம் வீணாகும். "இவள் பாதுகாப்பாக உட்கார என்ன மாற்றம் செய்தீர்கள்?" என்று கேளுங்கள், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

5. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கே சஸ்பென்ஷன் வந்தால்

இது அரிதில்லை. மத்திய அரசின் தணிக்கை அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2013-14 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் 15.5 சதவீதம், சஸ்பெண்டு ஆனவர்களில் அவர்கள் ஏறத்தாழ 39 சதவீதம். உங்கள் பள்ளியின் கணக்கையே பார்க்கலாம். மத்திய கல்வித் துறை திரட்டும் சிவில் உரிமைத் தரவுத் தொகுப்பில் பள்ளி வாரியாக, இன வாரியாக சஸ்பென்ஷன் எண்கள் இருக்கின்றன. இணையத்தில் இலவசம். கூட்டத்துக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பேச்சின் தொனி மாறும்.

1975-இல் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது: 10 நாள் வரையிலான சஸ்பென்ஷனுக்குக்கூட, என்ன குற்றச்சாட்டு என்று மாணவருக்குச் சொல்ல வேண்டும், மறுத்தால் ஆதாரம் என்ன என்று விளக்கி, அவர் தரப்பைக் கேட்க வேண்டும். அது நடந்ததா, எப்போது, யார் கேட்டார்கள் என்று மேல்முறையீட்டில் கேளுங்கள். மேல்முறையீட்டுக் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். மாணவர் கையேட்டில் இருக்கும், அன்றே பாருங்கள்.

6. கூட்டத்தில் உங்கள் வேலை குறிப்பெடுப்பது

புகாரைப் பற்றிப் பேசப் பள்ளி கூட்டம் வைக்கும். சிறுமியின் அம்மா விரும்பினால் மட்டும் கூடப் போங்கள். யாரோடு வருகிறார் என்று முன்கூட்டியே பள்ளிக்கு மெயிலில் தெரிவிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாசலிலேயே, 'தனிநபர் ரகசியம்' என்று சொல்லி உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வட்ட மேசை, நடுவில் டிஷ்யூ பெட்டி. அந்தப் பக்கம் பிரின்சிபால், அசிஸ்டென்ட் பிரின்சிபால், கவுன்சிலர், ஆசிரியர். இந்தப் பக்கம் ஒரு அம்மா. அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் எதிரே இருப்பவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்காருவார்கள்; அதே குரலில் நான் பேசியபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகு "அப்படியானால் நான் பேசுகிறேன்" என்று நமக்குத் தோன்றும். வேண்டாம். நம்மைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், "அவரிடமே சொல்லுங்கள், நான் குறிப்பெடுக்க வந்தேன்" என்று சொல்லி நோட்டைத் திறந்துகொள்ளுங்கள். நிஜத்தில் பெரிய உதவி அதுதான். பேசுகிறவர் எழுதவும் முடியாது. யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று ஒருவர் எழுதுகிறார் என்று தெரிந்ததும் எதிர்ப்பக்கத்தில் வார்த்தைகள் கவனமாகிவிடும்.

எதிர்பார்க்க வேண்டிய வாக்கியங்கள்: "பிள்ளைகள்தானே", "அவனுக்கு இனவெறி எண்ணமே இல்லை", "எங்கள் பள்ளியில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்". கடைசி வாக்கியம் வரும்போது கண் நம் பக்கம் திரும்பும்! நல்ல மதிப்பெண் எடுக்கும் இந்தியப் பிள்ளைகளைக் காட்டி, இங்கே பிரச்சினையே இல்லை என்று நிறுவப் பார்ப்பார்கள். அந்தச் சான்றிதழை வாங்கிக்கொள்ளாதீர்கள். ஊரில் சாதிப் பேச்சு எழுந்தால் புன்னகைத்துப் பேச்சை மாற்றிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் இந்த மேசையில் தானாக வந்து நிற்கும்.

ரகசியமாக ஒலிப்பதிவு செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். கலிஃபோர்னியா, பென்சில்வேனியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் தனிப்பட்ட உரையாடலைப் பதிவுசெய்ய எல்லோருடைய சம்மதமும் வேண்டும். மீறினால் குற்றம். நோட்டு போதும்.

அன்று மாலையே, சிறுமியின் அம்மா பெயரில் ஒரு மெயில் போக வேண்டும்: "இன்றைய கூட்டத்தில் நான் புரிந்துகொண்டது இது. இந்தத் தேதிக்குள் இன்னார் இதைச் செய்வதாகச் சொன்னார். தவறிருந்தால் தெரிவியுங்கள்." பதில் வரவில்லை என்றாலும் அது ஆவணம்.

ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் என்றால், பள்ளியே மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும், செலவு பள்ளியுடையது. தமிழுக்கும் கேட்கலாம், தொலைபேசி வழியாகவாவது கிடைக்கும். பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்.

7. நாள்காட்டியில் குறிக்க வேண்டிய தேதிகள்

மத்திய கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தை எல்லோரும் ஓசிஆர் என்பார்கள். அங்கே புகார் கொடுக்கச் சம்பவ நாளிலிருந்து 180 நாள். பள்ளி நாள் இல்லை, காலண்டர் நாள். மார்ச் 3-இல் நடந்தது என்றால் ஆகஸ்ட் 30-இல் முடிந்துவிடும். நடுவில் கோடை விடுமுறை வருகிறது. "செப்டம்பரில் பார்க்கலாம்" என்று பள்ளி சொல்வது நியாயமாகத்தான் கேட்கும். ஆனால் செப்டம்பரில் கெடு போயிருக்கும். தொடர்ந்து நடந்த துன்புறுத்தல் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ணலாம். இருந்தாலும் முதல் தேதியையே வைத்துக்கொண்டு ஓடுவது நல்லது. டிஸ்ட்ரிக்டின் உள்புகார் முறையில் போயிருந்தால், அது முடிந்து 60 நாளுக்குள் ஓசிஆருக்குப் போய்க் கெடுவிலிருந்து விலக்குக் கேட்க வழியுண்டு.

மாநிலங்களுக்குத் தனிக் கெடுக்கள் உண்டு. நியூ ஜெர்சியில் 'எச்ஐபி' (துன்புறுத்தல், மிரட்டல், புல்லியிங்) என்று சொல்லும் சட்டம் 2011-இல் வந்தது: புகார் தெரிந்த ஒரு பள்ளி நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும், எழுத்துப் புகார் வந்த 10 பள்ளி நாளுக்குள் முடிக்க வேண்டும், முடிவு ஏற்கவில்லை என்றால் ஸ்கூல் போர்டு, அதாவது டிஸ்ட்ரிக்டின் நிர்வாகக் குழு, முன் விசாரணை கேட்க 60 காலண்டர் நாள். கலிஃபோர்னியாவில் பாகுபாட்டுப் புகாரைச் சம்பவத்திலிருந்து 6 மாதத்துக்குள் டிஸ்ட்ரிக்டிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் 60 நாளுக்குள் விசாரித்து எழுத்தில் முடிவு தர வேண்டும். நியூயார்க்கில் 2012 முதல் நடைமுறையில் உள்ள டாசா ('எல்லா மாணவர்களுக்கும் கண்ணியம்') சட்டப்படி, சம்பவத்தைப் பார்த்த பள்ளி ஊழியர் ஒரு பள்ளி நாளுக்குள் வாய்மொழியாகவும், அதிலிருந்து இரண்டு பள்ளி நாளுக்குள் எழுத்திலும் மேலே தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் புகார் நடைமுறைக் கொள்கையைத் தேடிப் பாருங்கள். எண்ணோடு ஒரு கோப்பு இருக்கும்.

8. ஓசிஆர் புகார்

வக்கீல் தேவையில்லை. இணையப் படிவம் இருக்கிறது, மெயிலிலும் தபாலிலும் அனுப்பலாம். புகார் கொடுப்பவர் பாதிக்கப்பட்டவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை, யாரும் கொடுக்கலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு குழந்தையைப் பற்றி இன்னொருவர் கொடுத்தால், அந்தக் குழந்தையின் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும். அது இல்லாமல் நகராது. பள்ளி பெயர், முகவரி, சம்பவங்கள் தேதி வாரியாக, யாருக்கு எப்போது தெரிவித்தோம், அவர்கள் என்ன செய்தார்கள், என்ன மாற்றம் வேண்டும் என்று இரண்டு மூன்று பக்கத்தில் எழுதினால் போதும். உணர்ச்சியைக் குறைத்து, தேதியைக் கூட்டுங்கள்.

விசா பயம் பற்றி: நம் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். டைட்டில் சிக்ஸ் தரும் பாதுகாப்புக்கு மாணவரின் குடியேற்ற நிலை ஒரு பொருட்டில்லை. புகார் என்பது பள்ளியின் நடத்தையைப் பற்றியது. புகார் கொடுத்தவர், சாட்சி சொன்னவர் மீது பள்ளி பழிவாங்கினால் அதுவும் தனிச் சட்டமீறல். சாட்சி சொன்ன பிறகு உங்கள் பிள்ளைக்குத் திடீரென்று ரெஃபரல் வரத் தொடங்கினால், அந்தத் தேதிகளையும் குறித்து வையுங்கள்.

என்ன கிடைக்கும் என்பதில் கற்பனை வேண்டாம். ஓசிஆர் அந்தப் பையனைத் தண்டிக்காது, நஷ்டஈடு வாங்கித் தரும் நீதிமன்றமும் இல்லை. பள்ளியின் பக்கம் தவறு தெரிந்தால் டிஸ்ட்ரிக்டோடு எழுத்தில் ஒரு தீர்வு ஒப்பந்தம் போட்டு, அதைக் கண்காணிக்கும். நேரமும் எடுக்கும். 2025 மார்ச்சில் ஓசிஆரின் 12 வட்டார அலுவலகங்களில் 7 மூடப்பட்டன, ஆட்களும் பெருமளவில் குறைக்கப்பட்டார்கள். ஆகவே இந்த ஒரு கதவையே நம்பியிருக்காதீர்கள். மாநிலக் கல்வித் துறையிலும் மாநில சிவில் உரிமை அமைப்பிலும் புகார் கொடுக்க வழியிருக்கிறதா என்று கூடவே பாருங்கள்.

தனியார் பள்ளி என்றால் ஒரு வார்த்தை: மத்திய அரசின் நிதி வாங்கினால்தான் டைட்டில் சிக்ஸ். வாங்காத பள்ளிகளும் உண்டு.

9. செலவு

புகாருக்குக் கட்டணம் எங்கும் இல்லை. சம்மதப் படிவத்துக்கு நோட்டரி தேவையில்லை. நகல் காசு, பதிவுத் தபால், அவ்வளவுதான். நிஜச் செலவு நேரம். கூட்டங்கள் எல்லாம் பகல் 10 மணிக்கும் 2 மணிக்கும்தான் வைப்பார்கள். மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கும் அம்மாவுக்கு ஒவ்வொரு கூட்டமும் சம்பள இழப்பு. துணை நிற்பது என்றால் இங்கே கைகொடுங்கள்: அவருடைய சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, காரில் அழைத்துப்போவது, தாள்களை ஸ்கேன் செய்து தேதி வரிசையில் ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொடுப்பது. வக்கீல் தேவைப்பட்டால் உங்கள் மாவட்டத்து இலவசச் சட்ட உதவி மையத்தையும், பக்கத்துச் சட்டக் கல்லூரியின் 'கிளினிக்' என்னும் சட்ட உதவிப் பிரிவையும் முதலில் கேளுங்கள். பிள்ளைக்கு மனநல ஆலோசனை போனால் ரசீதுகளை வைத்திருக்கச் சொல்லுங்கள்.

10. ஸ்கூல் போர்டும் பாடத்திட்டமும்

ஒரு புகார் ஒரு வகுப்பறையைச் சரிசெய்யலாம். அந்தப் பையன்களுக்கு அது விளையாட்டாகத் தோன்றியது ஏன் என்பது பாடம் சம்பந்தப்பட்டது. "பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம் கொண்டாடுகிறோமே" என்று சுவரொட்டியைக் காட்டுவார்கள். கேட்க வேண்டியது வேறு: எந்த வகுப்பில், எந்தப் பாட அலகில், எத்தனை பீரியட்?

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் நேரெதிராக இருக்கும். நியூ ஜெர்சியில் 2002-இன் அமிஸ்டட் சட்டம் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றைப் பாடத்தில் சேர்க்கச் சொல்கிறது. ஃபுளோரிடாவிலும் 1994 முதல் சட்டப்படி அது பாடத்தின் பகுதி. அதே சமயம் 2021-க்குப் பிறகு டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்கள், இனம் பற்றி வகுப்பில் எப்படிப் பேசலாம் என்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. உங்கள் மாநிலம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு போங்கள்; ஆசிரியரால் செய்ய முடியாததை அவரிடம் கேட்டு அவரை மாட்டிவிடாதீர்கள்.

போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேச வழக்கமாக 2 அல்லது 3 நிமிடம் தருவார்கள். பெயர் பதிவு சில இடங்களில் முந்தைய நாளே முடிந்துவிடும், நிகழ்ச்சி நிரலின் முதல் பக்கத்தைப் பாருங்கள். பிள்ளைகளின் பெயரைச் சொல்லக்கூடாது, சம்பவத்தைக் கதையாக விவரிக்கவும் வேண்டாம். பெரும்பாலும் கூட்டம் வீடியோவாக இணையத்தில் ஏறும். ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: சஸ்பென்ஷன் எண்களை ஆண்டுக்கு இருமுறை இன வாரியாக வெளியிடுங்கள், அல்லது ரெஃபரல் தாளில் 'சம்பவத்துக்கு முன் என்ன நடந்தது' என்று ஒரு கட்டம் சேருங்கள். இரண்டாவது எங்களுக்குப் பிடித்த கோரிக்கை. கட்டம் ஒன்று சேர்க்கக் காசு ஆகாது, மறுக்கவும் காரணம் கிடைக்காது.

ஆசிய அமெரிக்க வரலாற்றைப் பாடத்தில் சேர்க்க இல்லினாய் 2021-லும் நியூ ஜெர்சி 2022 ஜனவரியிலும் சட்டம் கொண்டுவந்தன. அது நடைமுறைக்கு வருகிறதா என்று கேட்க நம்மவர்கள் நிறையப் பேர் போகிறோம், நல்லது. அமிஸ்டட் பாடம் நிகழ்ச்சி நிரலில் இருக்கும் நாளிலும் அதே நாற்காலிகளில் போய் உட்காருங்கள். போர்டில் இருப்பவர்கள் முகங்களை நினைவு வைத்துக்கொள்வார்கள்.

11. வீட்டுக்குள் ஒரு வேலை

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். வீடு வாங்கும்போது "அந்த ஏரியா பள்ளி வேண்டாம், அங்கே அவங்க ஜாஸ்தி" என்று போனில் பேசுவதைப் பிள்ளை பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. மாமியார், சித்தப்பா பேசினாலும் அங்கேயே, பிள்ளை காதுபட மறுத்துச் சொல்லுங்கள். தோழியின் முடியை ஏன் தொடக்கூடாது என்று பிள்ளை கேட்டால் பதிலை நீங்கள் சொல்லுங்கள்; அந்தத் தோழியிடம் அனுப்பாதீர்கள்.

12. ஆகஸ்டில் மறுபடியும் ஒரு மெயில்

ஒப்பந்தமோ வாக்குறுதியோ கிடைத்த பிறகும் கோப்பை மூட வேண்டாம். கோடையில் பிரின்சிபால் மாறுவார், கவுன்சிலர் வேறு பள்ளிக்குப் போவார், "எனக்கு எதுவும் தெரியாதே" என்பார் புதியவர். பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, பழைய கூட்டக் குறிப்பையும் தீர்வுக் கடிதத்தையும் இணைத்து ஒரு மெயில் போகட்டும். அந்தப் பையன்களும் இவளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்களா, பஸ்ஸில் இருக்கை எப்படி, ஆசிரியர்களுக்கு வாக்களித்த பயிற்சி எந்தத் தேதியில் நடந்தது, பிரச்சினை வந்தால் அவள் போய்ச் சொல்ல வேண்டிய பெரியவர் யார். இந்த நான்கையும் கேளுங்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள். இந்த மெயிலும் அவளுடைய அம்மா பெயரில் போகட்டும்; உங்கள் பெயர் சிசியில் இருந்தால் போதும்.